முடிச்சுப் போடச் சொல்லித்தருவது

நிறுவனங்களில் பயிற்சி வகுப்பு என்றாலே பலருக்கும் கொட்டாவிதான் வரும். ஏசி அரங்கு, பவர்பாயின்ட், நடுவே ஒரு விளையாட்டு, கடைசியில் ஃபீட்பேக் படிவம். நேற்று வங்கிக்காரர்களுக்கு எடுத்த வகுப்பையே இன்று மருத்துவமனையில் எடுப்பார்கள். ஆனால் இந்தத் துறையிலும் அணு அணுவாக ரசிக்கத்தக்க ஒரு படைப்பு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவில் உருவான ‘டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ திட்டம் அது.

1940-ல் ராணுவக் கருவிகளுக்கு லென்ஸ் தேய்க்க ஆள் போதவில்லை. நல்ல லென்ஸ் தொழிலாளி ஒருவர் தேறி வர 5 ஆண்டுகள் ஆகும் என்பது அன்றைய கணக்கு. திட்டக்காரர்கள் பாடம் எழுத உட்காரவில்லை. பட்டறைக்குள் போய், அந்தத் தொழிலைப் பிரித்துப் பார்த்தார்கள். அதற்குள் 20 வேலைகள் இருந்தன. அதில் 14, அத்தனை தேர்ச்சி இல்லாதவர்களிடமும் கொடுக்கக்கூடியவை. மீதி 6-க்குத்தான் கைப்பக்குவம் வேண்டும். பயிற்சியை அந்த 6-ன் மேல் குவித்ததும், ஆண்டுக்கணக்கு மாதக்கணக்காகச் சுருங்கியது. எதைச் சொல்லித்தர வேண்டாம் என்று கண்டுகொள்வதில்தான் இந்தக் கலையின் முதல் அழகு.

அடுத்த அழகு, சூப்பர்வைசர்களுக்கான வகுப்பில் இருக்கிறது. தலா 2 மணி நேரம், 5 அமர்வுகள், பத்துப் பேர் கொண்ட சிறு குழு. முதல் அமர்வில் பயிற்சியாளர் இரட்டை இழை ஒயர் ஒன்றைக் கையில் எடுக்கிறார். சொல்லித்தரப் போவது, விளக்கு ஹோல்டருக்குள் போடும் ஒரு முடிச்சு. ஒயரை யாராவது இழுத்தால் இழுவிசையைத் தான் வாங்கிக்கொண்டு, திருகில் மாட்டிய முனை பிடுங்கிக்கொள்ளாமல் காப்பது. ஒருவரை அழைத்து, போடும் முறையை வாயால் மட்டும் சொல்கிறார். அவரால் முடியவில்லை. அடுத்தவருக்குப் பேசாமல் செய்து காட்டுகிறார். எதிரில் நிற்பவருக்கு இடம் வலமாகத் தெரிகிறது; அவரும் தோற்கிறார். மூன்றாமவரைச் சரியான பக்கத்தில் நிறுத்தி, பதற்றம் தணித்து, ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, ‘இங்கேதான் கவனம்’ என்று சொல்லி, பிறகு அவரையே செய்யவைக்கிறார். முடிச்சு விழுகிறது.

எத்தனை நுட்பமான தேர்வு! உள்ளங்கையில் அடங்கும் வேலை, நிமிடங்களில் முடியும், பெரும்பாலோருக்குத் தெரியாதது. இருபது வருட அனுபவஸ்தரையும் நொடியில் புதுப் பையனாக்கிவிடும். ‘எத்தனை தடவை சொன்னாலும் ஏறலை’ என்று கீழே இருப்பவரைத் திட்டிப் பழகியவருக்குத் தவறு யாருடையது என்பது அங்கேயே உறைத்துவிடும். இத்தனைக்கும் பயிற்சியாளர் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்து வரும் அமர்வுகளில் பயிற்சியாளர் பாடம் நடத்துவது குறைவு. ஒவ்வொரு சூப்பர்வைசரும் தம் ஆலையின் வேலை ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு தாளில் இடப்பக்கம் படிகளையும் வலப்பக்கம் வேலையை ஆக்கவோ கெடுக்கவோ வல்ல நுணுக்கங்களையும் எழுதி, நடத்திக் காட்ட வேண்டும். பயிற்சியாளருக்கான கையேடோ மிகக் கறார்; அவர் ஞாபகத்தை நம்பாமல் அதைப் பார்த்தே நடத்த வேண்டும். வகுப்பின் வடிவம் எல்லோருக்கும் ஒன்று, உள்ளே வரும் சரக்கு அவரவருடையது. தையற்காரர் முறையை மட்டும் சொல்லிக்கொடுத்து, அளவெடுக்கும் நாடாவை உடுத்துபவர் கையிலேயே கொடுத்துவிட்ட மாதிரி. 1945-ல் திட்டம் முடிவதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட ஆலைகளுக்கு இது பொருந்திப் போனதன் ரகசியம் அதுதான். போருக்குப் பின் ஜப்பானுக்கும் போனது. டொயோட்டாவில் அந்தத் தாளில் ‘ஏன்’ என்ற மூன்றாவது பத்தியும் சேர்ந்துகொண்டது.

உங்கள் கம்பெனிக்கென்றே பிரத்யேகமாகத் தயாரித்த பயிற்சி என்று யாராவது வந்து நின்றால், சிலைடுகளைப் புரட்ட வேண்டாம். எங்கள் ஆட்களில் யார் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள், எதைத் தேவையில்லை என்று நீக்கினீர்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே சரக்கின் தரம் தெரிந்துவிடும்.