கோலுக்கு முன்னால் நின்றவர்கள்

ஐந்தருவியில் இந்தத் தடவை குளிக்கக் கொடுத்து வைக்கவில்லை. மலையில் மழை வலுத்து வெள்ளம் வந்துவிட்டதால் தடை போட்டிருந்தார்கள். அறைக்குத் திரும்பி, சாரலைப் பார்த்துக்கொண்டே அக்காள் மகனோடு ‘மைதான்’ படம் பார்த்தேன். 2024-இல் வெளிவந்த இந்திப் படம். பையன் கல்லூரி ஹேண்ட்பால் அணியில் கோல் கீப்பர்.

கால்பந்துப் பயிற்சியாளர் ரஹீமின் கதை அது. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்து, மறு வருஷமே புற்றுநோய்க்கு இரையான மனிதர். அஜய் தேவ்கன் அடக்கமாக நடித்திருக்கிறார். கடைசி ஆட்டம் நம்மை நாற்காலி நுனிக்கே கொண்டு வந்துவிடுகிறது. நான் மெச்சினேன். பையன் முகம் மட்டும் தெளியவில்லை.

“கோல் கீப்பர் கதையை யாரு மாமா எடுக்கப் போறாக?” என்றான்.

அவன் கேட்டது நியாயந்தான். பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். முதலில் கோல் போடுகிற சென்டர் பார்வர்டாகத்தான் ஆடினார். பட்டாளத்தில் சேர்ந்த பிறகு கோல் கீப்பராக மாறினார். அவருடைய மதராஸ் ரெஜிமெண்ட் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1967-இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. ஜகார்த்தாவில் அவர் காய்ச்சலில் படுத்துவிட, அந்த இடத்தில் நின்று அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டு வந்தவர் பிரத்யுத் பர்மன். தென் கொரியாவோடு மோதும் இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் மறுபடி தங்கராஜையே நிறுத்தினார். இந்தியா 2–1 என்று ஜயித்தது.

ரஹீமுக்கு அது ஒரு முடிவு, சரியான முடிவும்கூட. ஆனால், இன்னொருவர் காத்த இடத்தை வாங்கிக்கொள்கிறவருக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்குமா? தம்மேல் குற்றமில்லாமலே அதை விட்டுக்கொடுத்தவருக்கு? படம் ரஹீமின் பின்னாலேயே நடப்பதால் இந்த இடத்தில் நின்று பார்க்க அதற்குப் பொழுதில்லை.

டைரக்டரை மட்டும் குறை சொல்வானேன்? கோல் விழுந்தால் அது சம்பவம். விழாமல் தடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். நடக்காமல் போனதை எழுதுவது எப்படி? என் நாவல்களிலும் ஊரை விட்டுப் போய்ப் பேர் எடுத்த தம்பிக்கு முந்நூறு பக்கம் இருக்கும். வீட்டிலிருந்து கடனை அடைத்த அண்ணனுக்கு இரண்டு வரி.

“ஒரு ஆட்டத்துல இருபது முப்பது கோல் விழும் மாமா. வர்ற பந்துல மூணுல ஒண்ணைத் தடுத்தாலே கெட்டிக்காரன்” என்றான் பையன். ஆந்த்ரேய் லாவ்ரோவ் என்ற ருஷ்யர் 1988, 1992, 2000 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் ஹேண்ட்பால் கோலுக்கு முன்னால் நின்று தங்கம் வாங்கியதையும் சொன்னான்.

“மீதி ரெண்டு?”

“மறந்துட்டு அடுத்த பந்துக்கு நிக்கணும்.”

இந்தப் பாடம் ரஹீமின் படத்திலும் இல்லை, என் புத்தகங்களிலும் இல்லை. ‘மைதான்’ பார்க்க வேண்டிய படந்தான். பார்க்கும்போது, கடைசி ஆட்டத்தில் ஒரு நிமிஷம் பந்தை விட்டுவிட்டு, ஆடாதவர்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். பர்மன் அன்று அங்கேதான் இருந்தார்.