மணிலா அட்டையும் மணிலா காப்பும்: ஒரே சொல்தானா?

ஆசிரியர் நண்பர்களே, தேர்வு எழுதப் போகும் மாணவர்களே, ஒரு பயிற்சித்தாள் அண்மையில் நம்மிடையே சுற்றி வந்தது. அதில் 'மணிலா' என்பதைப் பலபொருள் ஒருசொல் என்று போட்டு, நகரம், அட்டை, காப்பு வடிவ நாணயம் என மூன்று பொருள் தந்திருந்தார்கள். மூன்றுமே நகரத்தின் பெயரிலிருந்து பிறந்தவையாம். பொருள்கள் சரி. பிறப்புதான் உதைக்கிறது.

அட்டையை முதலில் பார்ப்போம். புக்கிட் காத்தில் பக்கம் எந்தப் புத்தகக் கடையில் கேட்டாலும் மணிலா அட்டை கிடைக்கும்; வகுப்புச் சுவர் முழுக்க அதுதானே! பிலிப்பீன்சில் விளையும் அபாக்கா என்ற வாழை இனத்தின் நாருக்கு வணிகப் பெயர் மணிலா நார். கப்பல் கயிறு திரித்தார்கள், பழைய கயிற்றை அரைத்துத் தாளும் செய்தார்கள். இன்றைய அட்டை பெரும்பாலும் மரக்கூழ், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக, இதன் வேர் நகரம்தான்.

காப்பு நாணயத்தின் கதையே வேறு. போர்த்துகீசில் 'மனில்யா' என்றால் கைவளை. 15ஆம் நூற்றாண்டிலிருந்து போர்த்துகீசியர் செம்பிலும் பித்தளையிலும் குதிரை லாட வடிவில் இவற்றை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மிளகு, தந்தம் மட்டுமா வாங்கினார்கள்? மனிதர்களையே வாங்கினார்கள். 'ஆப்பிரிக்கக் காப்பு' என்று அழகுப் பொருள்போல ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. நைஜீரியாவில் இது 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. 1948-49இல்தான் பிரிட்டிஷ் அரசு 3 கோடிக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப வாங்கி உலோகமாக விற்றது.

லிஸ்பனிலிருந்து வந்த அதே மக்கள்தான் 1511இல் நம் மலாக்காவைப் பிடித்தார்கள். மணிலாவை ஸ்பானியர் தலைநகராக்கியது 1571இல். வளைச்சொல் அதற்கு முன்பே ஆப்பிரிக்கக் கரையில் வழங்கிவிட்டது. அப்புறம் எப்படி அந்த நகரத்திலிருந்து பிறந்திருக்கும்?

ஆங்கிலத்தில் நகரத்துக்கு ஓர் 'எல்', வளைக்கு இரண்டு. அங்கேயே அட்டைக்கும் இரண்டு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடும் போய்விடுகிறது. 'காப்புக்காசு' என்று எழுதினால் என்ன? பொருளும் விளங்கும், குழப்பமும் தீரும்.

மாணவர்களே, 'நிலா'வைக் கண்டதும் சந்திரனைத் தேடாதீர்கள். தகாலோக் மொழியில் 'நிலா' என்றால் அவுரிச்செடி, 'நீல' என்ற வடசொல்லின் வழி வந்தது. நகரப் பெயருக்கு 'அவுரி உள்ள இடம்' என்று பொருள் சொல்வார்கள். 'மணி'யை ஆங்கிலப் பணத்தோடு முடிச்சுப் போடுவதும் வேண்டாம்.

பயிற்சித்தாளில் விடுபட்ட பொருள் ஒன்றும் உண்டு. நாம் கச்சான் என்கிற வேர்க்கடலை விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மணிலாக்கொட்டை. பேச்சில் மல்லாக்கொட்டை, மல்லாட்டை. மூன்றாம் பொருளாக இதைப் போட்டிருக்கலாம்.