சேலையூரில் ஒரு லோரி

காலையில் போகி, ராத்திரி பஞ்சாபிகளின் லோரிப் பண்டிகை. 2025 ஜனவரி 13 அன்று ஒரே நாளில் இரண்டு நெருப்பும் வாய்த்தன. எது உசத்தி என்று கேட்டால், தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் கூசாமல் சொல்கிறேன்: லோரிதான்! போகிக்குப் பழைய பாயும் டயரும் எரித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம். 2018 போகியன்று அந்தப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. லோரி நெருப்பில் விழுவதோ எள்ளும் வெல்லமும். அந்த வாசனை இருக்கிறதே, அடடா!

தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு மாற்றலாகி வரும் பஞ்சாபிக் குடும்பங்கள் எங்கள் பக்கம் புதிதல்ல. எதிர்வீட்டு ஆன்ட்டிதான் கூப்பிட்டார். காலி மனையில் விறகு கொழுந்துவிட்டு எரிய, எல்லோரும் சுற்றி வந்தோம். வேர்க்கடலை, சோளப்பொரி, எள் ஒட்டிய ரேவடி: ஒரு கை நெருப்புக்கு, ஒரு கை வாய்க்கு. நான் கொண்டுபோன கோவில்பட்டி கடலைமிட்டாயையும் ஆன்ட்டி உடைத்துப் போட்டார். பாகு சீறிக் குமிழ்விட்டு, கடலை பட்பட்டென்று வெடித்தது. “இதுவும் எங்க கஜக் மாதிரிதான் தம்பி!” பஞ்சாப் குளிருக்கென்று வந்த நெருப்பு; சேலையூரில் எனக்கு முதுகெல்லாம் வியர்வை. ஆன்ட்டி மட்டும் விடாப்பிடியாகச் சால்வையில்.

பாட்டு இன்னும் பிரமாதம். அக்பரை எதிர்த்து நின்று, லாகூரில் தூக்கிலேறிய துல்லா பட்டியைப் பற்றியது. ஏழைப் பெண்களைக் காப்பாற்றி, தானே தகப்பனாக நின்று கல்யாணம் செய்து வைத்தானாம். சீராகக் கொடுக்க அவனிடம் இருந்தது ஒரு சேர் சர்க்கரைதானாம். அவன் முஸ்லிம். இந்துவும் சீக்கியரும் தோளோடு தோள் நின்று, ‘ஹோ!’ என்று அவன் பேரைப் பாடுகிறார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. அர்த்தம் பாதிதான் புரிந்தது, ‘ஹோ’வை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை!

அப்புறம் டோல் மேளம், பாங்க்ரா ஆட்டம், கடுகுக்கீரை மசியலோடு மக்காச்சோள ரொட்டி, மேலே உருகும் வெண்ணெய். அங்கிருந்த ஒரு கைக்குழந்தைக்கு அது முதல் லோரி என்பதால் கூடுதல் அமர்க்களம். நம் தலைப்பொங்கல், தலைதீபாவளி மாதிரி, அங்கே பிறந்த பிள்ளைக்கும் தலை லோரி உண்டு.

கிளம்பும்போது ஒரு தூக்கு கொடுத்தார். கரும்புச்சாற்றில் அரிசி வேகவைத்த கீர். “இன்னிக்குச் சாப்பிடாதே தம்பி, நாளைக்குத்தான்.” போஹ் மாதக் கடைசியில் சமைத்து, மாக் மாதம் பிறந்ததும் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்த நாள்தான் நமக்குத் தை ஒன்று! பொங்கலன்று இலையில் சர்க்கரைப் பொங்கலும் கீரும் பக்கத்தில் பக்கத்தில். முதலில் காலியானது எது என்று இங்கே எழுத மாட்டேன், அம்மா படிப்பார்.