பின்னணியில் ஒரு குரல்

ராக் இசைப் பிரியர்கள் கூடினால் முழுப்பாட்டைப் பற்றிப் பேசுவது குறைவு. டிரம்ஸ் உள்ளே நுழைகிற இடம், கிதார் சட்டென்று நின்றுபோகிற இடம், இப்படி ஏதாவது ஒரு நொடியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்கும் ஒன்று உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்ட்டர்', மூன்றாவது நிமிடத்தை ஒட்டி. மிக் ஜாகர் ஒதுங்கிக்கொள்ள, ஒரு பெண்குரல் தனியே எழுந்து வன்புணர்ச்சியையும் கொலையையும் சொல்லும் வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறது. மூன்றாம் முறை, கொலை என்ற சொல்லில் குரல் பிளந்துவிடுகிறது. உடனே பின்னாலிருந்து ஜாகர் தன்னை மறந்து கத்துவதும் லேசாகக் கேட்கும்.

கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டி அந்த இடத்தைத் தேய்த்தவன் நான். 'வியட்நாம் காலத்தின் அலறல்' என்று அர்த்தமும் கற்பித்து வைத்திருந்தேன். பாடினது யாருன்னு கேட்கத் தோணலை.

மெர்ரி கிளேட்டன். கறுப்பினப் பெண், அப்போது வயது 20. 1969 கடைசியில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு நள்ளிரவு போன் போட்டுக் கூப்பிட்டார்கள். கர்ப்பிணி வயிற்றோடு போய்ப் பாடிவிட்டு வீடு திரும்பினார். பிறகு கரு கலைந்தது. அன்றைய சிரமம்தான் காரணம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. டிசம்பரில் இசைத்தட்டு வந்தபோது அவர் பெயர் 'மேரி' என்று தப்பாக அச்சாகியிருந்தது.

ஆசிரியன் செத்துவிட்டான் என்று பார்த்தைப் பிடித்துக்கொண்டு நாம் பேசிய பேச்செல்லாம் இங்கே இடிக்கிறது. பாட்டின் ஆசிரியர்கள் ஜாகர்–ரிச்சர்ட்ஸ் என்று பதிவாகியிருக்கிறது. ஆசிரியராகப் பிறக்கவே விடப்படாதவரின் மரணத்தை எப்படி அறிவிப்பது? பாடும் குரலில் உடல் தெரிகிற சொரசொரப்பைப் பற்றியும் அதே பார்த் 1972இல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டவர்களோ ஐரோப்பியச் செவ்வியல் பாடகர்கள். நடுராத்திரியில் கூலிக்குப் பாடவந்த கறுப்பு உடல் அந்தச் சட்டகத்துக்குள் வரவில்லை.

சரி, அவரைப் பலியாள் ஆக்கிவிட்டால் முடிந்ததா? அதுவும் நம்ம சௌகரியம்தான். 1970இல் இதே பாட்டைத் தன் பெயரில், தன் முதல் ஆல்பத்தின் தலைப்பாகவே வைத்துப் பாடினார். 2013இல் வந்த, பின்னணிப் பாடகிகளைப் பற்றிய ஆவணப்படத்தில் அந்த இரவை நினைவுகூர்கிறார். இன்னொரு தடவை பாடச் சொன்னபோது, அறையில் இருந்தவங்களை அசத்திடணும்னு முடிவு பண்ணித்தான் பாடினாராம். நான் அலறலாகக் கேட்டது ஒரு தொழில்காரியின் வீம்பு!

இப்போது அந்த இடம் வரும்போது பின்னால் கத்துகிற ஆளைத்தான் முதலில் கேட்கிறேன். பாட்டுக்குச் சொந்தக்காரர், அந்த நொடியில் என்னை மாதிரி வெறும் ரசிகர்.