எஞ்சியது எவ்வளவு?

புதிய விதையை ஏற்கத் தயங்கும் ஏழை உழவனை அறியாதவன் என்று சொல்வது படித்தவர் வழக்கம். அவ்வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கிய நூல், அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1976-இல் வெளியிட்ட ‘தி மாரல் எகானமி ஆஃப் தி பெசன்ட்’. உழவரின் அறப்பொருளாதாரம் எனலாம். பர்மாவிலும் வியட்நாமிலும் 1930-களில் எழுந்த உழவர் கிளர்ச்சிகளை அது ஆராய்கிறது.

ஒரு விளைச்சல் பொய்த்தால் பட்டினி என்னும் விளிம்பில் வாழ்பவன், நல்ல ஆண்டின் மிகுதியைவிடக் கெட்ட ஆண்டின் குறைவையே முதலில் எண்ணுகிறான். இது அறியாமையன்று, தலைமுறைகள் பட்டுத் தெளிந்த கணக்கு. அவனது நீதியுணர்வும் அக்கணக்கிலிருந்தே பிறக்கிறது. பிறர் எடுத்தது எவ்வளவு என்பதைவிட, தன் வீட்டில் எஞ்சியது எவ்வளவு என்றே அவன் கேட்கிறான். ஆகவே, விளைச்சலில் பங்கு கேட்பவரைப் பொறுத்துக்கொள்பவன், விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஒரே அளவு கேட்கும் குத்தகையையும் தலைவரியையும் அநீதி என்கிறான்.

இந்நூலின் பர்மாப் பகுதி தமிழரைச் சற்றே தைக்கும். கீழ்ப் பர்மா உழவருக்குக் கடன் தந்தவர்களில் முதன்மையானோர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். காடாய்க் கிடந்த கழிமுகம் வயலானதில் அவர்கள் பணத்துக்குப் பெரும்பங்குண்டு. ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது, கடன் வீழவில்லை. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்கள் வசமிருந்தது. 1937-இல் அது 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தையே. சட்டமும் அவர்கள் பக்கமே. நிலமிழந்தவனுக்கோ அது நீதியாகத் தோன்றவில்லை.

நூலில் ஒரு குறையும் உண்டு. பழைய கிராமத்தை ஸ்காட் சற்று மிகையாகவே மெச்சுகிறார். 1979-இல் சாமுவேல் பாப்கின் எழுதிய மறுப்பு நூல், கிராமத்தாரும் தத்தம் ஆதாயத்தைக் கணக்கிட்டே நடந்தனர் என்றது. களத்துமேட்டில் நெல்லை அளந்து கொடுத்து, சாதிப் பணிவை அளந்து வாங்கிய ஊர்களை அறிந்த நாம் அம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. பிழைப்புக்கு உறுதி தந்த அதே கை, முதுகை வளைக்கவும் செய்தது.

எனினும் ஸ்காட் கேட்கவைத்த கேள்வி நிற்கிறது. பத்திரத்தில் கையெழுத்தானதோடு அறம் முடிந்துவிடுமா? திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி வேளையில் வந்தவனுக்கும் முழுநாட் கூலி கிடைத்ததைப் பூசையில் கேட்டுவிட்டு, வீடு திரும்பி வட்டிக் கணக்கைப் பிரிப்பவர் நம்மிடையேயும் உளர். கணக்கு சரியாகவே இருக்கலாம். கடன்பட்டவர் வீட்டில் இவ்வாண்டு எஞ்சியது எவ்வளவு என்று எழுத அதில் ஓர் இடம் உண்டா?