எடைக்குப் போட முடியாத கிட்டார்

பாத்திரக் கடையில் நம் ஜனங்களைக் கவனித்திருக்கிறீர்களா? குக்கரோ, குடமோ, கையில் வாங்கியதும் முதல் காரியம் தூக்கிப் பார்ப்பது. அடி கனமாக இருந்தால் முகத்தில் ஒரு திருப்தி. ‘நல்லா வெயிட்டா இருக்குங்க, ரொம்ப நாள் உழைக்கும்.’ லேசாக இருந்துவிட்டால் தீர்ந்தது. தகரம் என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறவர்களும் இதே ரகம்தான். நியூயார்க்கோ, நுங்கம்பாக்கமோ, வித்தியாசமில்லை. கிப்ஸனின் லெஸ் பால் மாடலைத் தோளில் மாட்டினால் நாலு கிலோவுக்குக் குறையாது. இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் தனியாக அழும். கேட்டால், ‘அந்த கனத்துலதான் சார் சவுண்டே இருக்கு’ என்பார்கள். சூடம் அணைத்துச் சத்தியம் செய்யாத குறை.

இந்த நம்பிக்கைக்கு எதிராக 1993ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு கிட்டார் வந்தது. பெயர் பார்க்கர் ஃப்ளை. எடை சுமார் இரண்டேகால் கிலோ. செய்தவர் கென் பார்க்கர். கூட நின்றவர் லாரி ஃபிஷ்மன் என்கிற பிக்கப் நிபுணர். வந்தபோது ஆஹா என்றார்கள். ஏட்ரியன் பெலூ மாதிரி விவகாரமான கிட்டார்காரர்கள் வாசித்தார்கள். பிறகு கம்பெனி கைமாறி, 2010களின் நடுவில் தயாரிப்பே நின்றுபோனது.

என்னிடம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. என்ன விலை என்று வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. நான் கச்சேரிக்காரன் இல்லை; ஞாயிற்றுக்கிழமை வாசிப்பாளன். ஆனால் ஆறு வருடமாக மடியில் வைத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் இதைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

முதலில் அது என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். உள்ளே இருப்பது மரம்தான். அதுவும் பாப்ளர், பாஸ்வுட் என்று லேசான மரங்கள். பாப்ளர் என்பது தீக்குச்சி செய்கிற ஜாதி மரம். அதை மெலிதாகச் செதுக்கி, உடம்புக்கும் கழுத்துக்கும் பின்பக்கமாகக் கார்பன், கண்ணாடி இழைகளை எபாக்சி ரெசினில் தோய்த்து ஒரு தோல் போர்த்தியிருக்கிறார்கள். விரல் ஓடுகிற பலகையும் அதே இழைதான். நண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சதை, வெளியே ஓடு. பலம் முழுவதும் ஓட்டில்.

எதற்கு இவ்வளவு பலம்? ஆறு கம்பியையும் சுருதி கூட்டி முறுக்கினால் கழுத்தின் மேல் விழுகிற இழுவிசை ஏறக்குறைய 45 கிலோ. இரவும் பகலும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் தொங்கிக்கொண்டே இருக்கிற கணக்கு. மரக் கழுத்து வளையாமல் என்ன செய்யும்? அதிலும் நம்ம பக்கத்துக் காற்றில் ஈரம் வேறு. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் கிட்டார் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஐப்பசியில் ஒரு கழுத்து, சித்திரையில் ஒரு கழுத்து. வருஷத்துக்கு இரண்டு தரம் உள்ளே இருக்கும் கம்பியைத் திருகி நிமிர்த்த வேண்டும். ஃப்ளையிலும் அந்தத் திருகு உண்டு. ஆறு வருடத்தில் நான் தொட்டது ஒரே ஒரு தரம். அதுவும் கம்பியின் கனத்தை மாற்றியதால்.

அடுத்து பிரெட். விரல் பலகையில் குறுக்கே போகும் உலோகக் கட்டைகள். மற்ற கிட்டார்களில் இவை கொஞ்சம் மெத்தென்ற உலோகம். கம்பி உரசி உரசிப் பள்ளம் விழும். கென் பார்க்கர் இரும்பு மாதிரி இறுகிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தார். பலகையில் காடி வெட்டி இறக்காமல், மேலேயே பசை போட்டு ஒட்டினார். தைரியம்தான். ஆரம்ப காலத்து ஃப்ளைகள் சிலவற்றில் பசை விட்டு பிரெட் கழன்று வந்த கதை, அதை வைத்திருப்பவர்கள் மத்தியில் பிரசித்தம். என்னுடையதில் இதுவரை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

இந்த ஸ்டீல் பிரெட்டின் அருமை மேல்நாட்டுக்காரர்களைவிட நமக்குத்தான் அதிகம் புரியும் என்பது என் கட்சி. அவர்கள் கம்பியை எப்போதாவது வளைப்பார்கள். நமக்கோ வளைப்பதுதான் சங்கீதமே. தோடியில் ஒரு காந்தாரத்தை நிற்கவைத்து ஆட்ட வேண்டுமென்றால் கம்பி பிரெட்டின் மேல் பக்கவாட்டில் வழுக்கிப் போய்த் திரும்ப வேண்டும். சாதாரண பிரெட்டில் நாள்பட நாள்பட ஒரு சொரசொரப்பு வந்துவிடும். இதில் கண்ணாடி மேல் எண்ணெய் விட்ட மாதிரி போகிறது. எடை குறைவு, எடை குறைவு என்று எல்லாரும் பேசினார்களே ஒழிய, என்னைக் கேட்டால் இதன் முதல் மார்க் பிரெட்டுக்கு. எடைக்கு இரண்டாவது மார்க்.

சரி, சத்தம்? இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது.

எலெக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் கவனிப்பது இரும்புக் கம்பியின் அசைவை. வீணையின் குடம் மாதிரி மரம் நேரடியாகப் பாடுவதில்லை. கம்பியின் அசைவில் எவ்வளவை மரம் தின்றுவிடுகிறது, எவ்வளவை விட்டுவைக்கிறது என்பதில்தான் மரத்துக்குப் பங்கு. அந்தப் பங்கு ரூபாயில் ஐந்து காசா, ஐம்பது காசா என்று நாற்பது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். ஃப்ளையின் கழுத்து விறைப்பாக இருப்பதால் அது கம்மியாகத் தின்கிறது. ஒரு ஸ்வரத்தை மீட்டினால் ரொம்ப நேரம் நிற்கிறது. எல்லா ஸ்வரமும் ஒரே அளவு சுத்தமாக நிற்கிறது. சுத்தம் என்றால் ஆஸ்பத்திரி சுத்தம். இது எனக்கு முதல் ஆறு மாதம் பிடிக்கவில்லை. பழைய மரக் கிட்டாரில் ஒரு ஸ்வரம் கொஞ்சம் கம்மும், ஒன்று கொஞ்சம் கூடுதலாகக் கத்தும். குடும்பம் மாதிரி. அதற்குப் பழகிய காது, இதைக் கேட்டதும் ‘எங்கே மற்றவர்கள்?’ என்று தேடுகிறது. கூடவே பிரிட்ஜுக்குள் ஒரு பீசோ பிக்கப் வைத்திருக்கிறார் ஃபிஷ்மன். அதைத் திறந்தால் மரப்பெட்டி கிட்டார் மாதிரி ஒலிக்கிறது. இரண்டையும் கலந்து இரண்டு ஆம்ப்பில் விடலாம். மேக்னெட் பிக்கப்பை மட்டும் திறந்து ப்ளூஸ் வாசித்தால், என் ருசிக்கு உப்பு ஒரு சிட்டிகை குறைவு. இரண்டையும் கலந்து வாசித்தால் அந்தக் குறை தெரியவில்லை.

ஆனால் ஜனங்கள் இதைக் காதால் கேட்டு நிராகரிக்கவில்லை என்பது என் சந்தேகம். லெஸ் பால் என்கிற மனிதர், 1940 வாக்கில், நாலு அங்குலக் கட்டை ஒன்றில் கம்பி கட்டி வாசித்தார். ஜனங்கள் கண்டுகொள்ளவில்லை. ஒரு சாதாரண கிட்டாரை இரண்டாக அறுத்து அந்தக் கட்டைக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி ஒட்டிக்கொண்டு போனார். கைதட்டல் விழுந்தது. சத்தம் அதேதான். இது அவரே சொல்லிச் சிரித்த கதை. நம் பக்கமும் நடந்ததுதான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சின்னப் பையனாக மேடையேறியபோது, குடமில்லாத ஒரு எலெக்ட்ரிக் கருவியில் கர்நாடக சங்கீதமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2014ல், நாற்பத்தைந்து வயசில் அவர் போனபோது, அந்தக் கருவியின் நாதத்தை நினைத்துத்தான் அழுதார்கள். பெங்களூரில் இன்ஜினீயரும் இசைக்கலைஞருமான கே.வரதரங்கன், தோலே இல்லாமல், ஃபைபர் கூட்டில் செயற்கை மிருதங்கம் செய்திருக்கிறார். அதற்கும் இன்னும் அந்தப் பரீட்சைதான் நடந்துகொண்டிருக்கிறது.

கிட்டார் உலகத்தின் விசித்திரம் இது. புரட்சி, கலகம் என்று பாடுகிற ராக் சங்கீதக்காரர்கள் கையில் இருப்பதெல்லாம் 1950ல் வந்த டெலிகாஸ்டர், 1952ல் வந்த லெஸ் பால், 1954ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். இல்லையென்றால் அதன் காப்பி. தாத்தாவின் அம்பாசடர்தான் வேண்டும், அதுவும் புதுசாக வேண்டும் என்று கேட்கிற மாதிரி.

நான் படித்தது பி.காம். அதனால் சங்கீதத்தைவிட எனக்கு லெட்ஜர் கொஞ்சம் சுலபமாகப் புரியும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த கிட்டாரை ஒருநாள் கும்மிடிப்பூண்டிக்கு எடுத்துப் போனேன். சிப்காட்டில் ஒரு ஷெட்டில் ஃபைபர் வேலை பார்க்கிற ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். கெமிக்கல் டாங்க், குழாய், புகை போகிற டக்ட் எல்லாம் செய்கிறவர். முப்பது வருஷமாகக் கையில் ரெசின் வாசனை. அதற்கு முன்னால் பழவேற்காட்டில் ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். சுனாமிக்குப் பிறகு, 2005 வாக்கில், கடலோரமெங்கும் கட்டுமரம் போய் ஃபைபர் போட்டு வந்ததே, அந்த வேலையில் ஊர் ஊராக அலைந்திருக்கிறார்.

கிட்டாரை வாங்கி முதலில் தூக்கிப் பார்த்தார். (பார்த்தீர்களா!) பிறகு விரல் முட்டியால் முதுகில் அங்கங்கே தட்டி, காதை வைத்துக் கேட்டார். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் சத்தம் மாறும், அதற்காக.

“நல்ல கையி சார். எங்கயும் பொக்கு இல்ல. மேட் போட்டு ரோலர் ஓட்டுன வேலை இல்ல இது. சூளைல வெச்சு எடுத்திருக்கான். இது எத்தினி செஞ்சான்?”

நிறையச் செய்தார்கள், ஆனால் நின்றுபோச்சு அண்ணே என்றேன்.

“நிக்காம? ஒண்ணொண்ணுத்துக்கும் இவ்ளோ கைவேலை இருந்தா கட்டுப்படி ஆவுமா? எங்களுக்கு டாங்க்குன்னா ஒரு மோல்டு, நூறு டாங்க்கு. மோல்டு காசு நூறா பிரிஞ்சு போயிடும். இது உள்ள மரத்தையும் செதுக்கணும், மேல இதையும் போத்தணும். ரெண்டு கூலி.”

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் மூன்று மாதம் நடத்தியதை மனிதர் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார். உண்மைதான். தச்சன் கூலி ஒன்று, இழைக்காரன் கூலி ஒன்று. மரக் கிட்டார் கம்பெனிக்கு முதல் கூலி மட்டும். அதற்கு மேல் ‘கனமில்லையே’ என்று முகம் சுளிக்கிற வாடிக்கையாளர். அவனுக்கு இரண்டாவது கூலியை எந்தக் கணக்கில் எழுதி விற்பது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேய்மானம் போடும்போது கடைசியில் மிஞ்சுகிற மதிப்பு என்று ஒன்று எழுதுவோம். கும்மிடிப்பூண்டியில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லாரி லாரியாகப் பழைய இரும்பு வருகிறது. உருக்குகிறார்கள், கம்பியாக உருட்டுகிறார்கள், மறுபடி கட்டடத்துக்குப் போகிறது. கோணல் ஆணி கூட அங்கே செத்துப்போவதில்லை. மரம் என்றால் கடைசிக்கு அடுப்புக்காவது ஆகும். பலாமரத்து வீணை விரிந்தால் தஞ்சாவூரில் அதைப் பார்த்துச் சரிபண்ண ஆள் இருக்கிறது; மெழுகை உருக்கி மேளம் வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. எபாக்சியும் கார்பனும் ஒருதரம் இறுகினால் இறுகியதுதான். திரும்ப உருகாது. காயலான் கடைக்காரர் ஃபைபரைத் தொடவே மாட்டார். எடைக்குப் போடலாம் என்றாலும் எடையே இல்லை!

இந்த இடத்தில்தான் ஃப்ளையின் மேல் எனக்கு நிஜமான விமர்சனம். லேசாக இருப்பது குற்றமில்லை. சத்தம் சுத்தமாக இருப்பதும் குற்றமில்லை. தன்னைச் செய்தவர்களைத் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி அது செய்யப்பட்டிருக்கிறது. டெலிகாஸ்டரின் கழுத்தை நாலு ஸ்குரூ கழற்றினால் கையில் எடுத்துவிடலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தப் பையனும் அதன் வயரிங்கைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வான். அதனால்தான் அது எழுபது வருடத்தைத் தாண்டியும் ஓடுகிறது. ஃப்ளையில் கழுத்தும் உடம்பும் ஒரே ஓட்டுக்குள். ஸ்பிரிங் அதற்கென்று தட்டையாகச் செய்தது, பெட்டிக்கடையில் கிடைக்காது. கம்பெனி மூடிய பிறகு ஒவ்வொரு ஸ்பேருக்கும் ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவரின் அலமாரியைத் தட்ட வேண்டியிருக்கிறது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை.

“அப்பிடிலாம் இல்ல சார். ஃபைபர் போட்டு வந்த புதுசுல இதேதான் சொன்னாங்க. ஒடஞ்சா போச்சு, தூக்கிப் போட வேண்டியதுதான்னு. அப்புறம் கரையிலயே ஆளுங்க கத்துக்கிச்சு. கிழிஞ்ச எடத்த கிரைண்டர் போட்டுத் தேச்சு, மேட் வெச்சு, ரெசின் தடவுனா மறுநா கடலுக்குப் போயிடும். போட்டு நெறைய இருந்துச்சு, அதனால ஆளு வந்துச்சு. இது ஒண்ணுதான இருக்கு.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இதைச் செய்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். கென் பார்க்கர் கம்பெனியை விட்டு வெளியே வந்து, கையால் ஒவ்வொன்றாக மரக் கிட்டார் செய்யப் போனார் என்று சொன்னேன். அண்ணன் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மறுபடியும் கிட்டாரைத் திருப்பி, பிரெட்டை ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பிப் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என்றைக்காவது ஒன்று கழன்றால் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். ஒட்டித் தருவாராம். கூலி வேண்டாம், ஆனால் எபாக்சி நான் வாங்கி வர வேண்டும். ஷெட்டில் இருப்பது டாங்க்குக்குப் போடுகிற ரெசின், அது இதற்கு ஆகாது.