நேயர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? நம் வானொலியின் வடிவ மாற்றம்

"ரேடியோல தமிழ் கெட்டுப்போச்சு" என்ற புகாரை ஆசிரியர் அறையில் வாரம் ஒருமுறையாவது கேட்கலாம். மாணவர்களும் கட்டுரையில் அதையே எழுதிவிடுகிறார்கள்: ஆங்கிலக் கலப்பு, வேகமான பேச்சு, ஓயாத சினிமாப் பாட்டு. மூன்று கருத்து, மூன்று பத்தி, முடிந்தது. புகார் பொய்யில்லை. ஆனால் காய்ச்சலைச் சொல்லிவிட்டுக் காய்ச்சல் ஏன் வந்தது என்று கேட்காமல் விடுவதுபோல் இருக்கிறது. நிகழ்ச்சியின் வடிவம் முதலில் மாறியது, மொழி அதன் பின்னால் போனது என்பது என் வாதம்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1946 ஏப்ரல் 1ஆம் தேதி ரேடியோ மலாயா சிங்கப்பூரில் தொடங்கியது. 1959இல் கோலாலம்பூரிலிருந்து தனியாக ஒலிபரப்பத் தொடங்கியது. ஆக, இன்றைய மின்னல் எஃப்எம்முக்கும் சிங்கப்பூரின் ஒலி 96.8க்கும் பழைய வேர் ஒன்றுதான். நம் பெற்றோர் 'ரேடியோ ஆறு' என்று சொன்ன அரசாங்க வானொலி 2005இல் மின்னல் எஃப்எம் ஆனது. தனியார் பக்கம், 1994இல் தொடங்கிய டி.எச்.ஆர். பிறகு டி.எச்.ஆர். ராகாவாகி, 2018 முதல் ராகா என்றே அழைக்கப்படுகிறது.

இந்த டி.எச்.ஆர். என்ற எழுத்துகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 'டைம் ஹைவே ரேடியோ' என்பதன் சுருக்கம் அது. நெடுஞ்சாலையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பிறந்த நிலையம்! வானொலி எங்கே இடம்பெயர்ந்தது என்பதை இந்தப் பெயர் ஒன்றே சொல்லிவிடுகிறது.

தோட்டத்து வீட்டில் ரேடியோ இருந்த காலத்தில் கேட்பவர் உட்கார்ந்து கேட்டார், அல்லது சமைத்துக்கொண்டே கேட்டார். நாடகம் எத்தனை மணிக்கு என்று வீட்டுக்கே தெரியும். அதனால் எழுத்தாளர் ஒரு கதையை அரைமணி நேரம் நடத்த முடிந்தது. காரில் கேட்பவர் அப்படியில்லை. நடுவில் வந்து சேருகிறார், பத்து நிமிடத்தில் இறங்கிப் போய்விடுகிறார். அவருக்கு நாடகத்தின் இரண்டாவது காட்சியைப் போட்டால் என்ன புரியும்? எந்த நொடியில் திறந்தாலும் புரியவேண்டும் என்பதே இன்றைய வடிவத்தின் முதல் விதி. ஆகவே ஒரு மணி நேரத்தைப் பாட்டு, விளம்பரம், செய்தி, போட்டி, சின்னப் பேச்சு என்று துண்டு போடுகிறார்கள். அந்தச் சின்னப் பேச்சுக்குள் 'ஏனெனில்', 'ஆயினும்', 'அவ்வாறிருந்தும்' போன்ற இணைப்புகளுக்கு இடமேது? வாக்கியம் தானாகவே குட்டையாகிறது. அறிவிப்பாளரைக் குறை சொல்லி என்ன பயன்?

பழையதெல்லாம் பொன் என்றும் நான் சொல்லவில்லை. எழுதிவைத்ததை அப்படியே வாசிக்கும் பழக்கம் அன்று அதிகம். பால்மரம் சீவுகிற பாத்திரம்கூட இலக்கணப் புத்தகம்போல் பேசினால் யார் நம்புவது? இன்றைய காலை நிகழ்ச்சிகளில் மனிதர்கள் மனிதர்களாகப் பேசுகிறார்கள். நேயர் அழைத்து, நம் நாட்டுத் தமிழிலேயே தன் கதையைச் சொல்கிறார். உள்ளூர்ப் பாடகர்களின் பாடல்களும் ஒலிக்கின்றன. பேச்சுத் தமிழுக்குக் கிடைத்த இந்த மரியாதை சின்ன விஷயம் இல்லைங்க.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தொடர்ச்சியாக இருபது நிமிடம் தமிழைக் காதால் மட்டும் பின்தொடரும் பயிற்சி போய்விட்டது. ஒரு வாதம் எப்படித் தொடங்கி, எப்படித் திரும்பி, எப்படி முடிகிறது என்பதை முன்பு மாணவர் வீட்டிலேயே, யாரும் சொல்லித்தராமல் கேட்டுப் பழகினார். இப்போது அந்தச் சுமை முழுவதும் நம் வகுப்பறையின் கேட்டல், பேச்சுப் பாடத்தின் தலையில் விழுகிறது. வாய்மொழித் தேர்வில் இரண்டு வாக்கியத்துக்குமேல் ஒரு கருத்தை வளர்க்கத் திணறும் மாணவரைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. உள்ளூர் எழுத்தாளருக்கும் இழப்புதான். புத்தகம் வாங்காத வீட்டுக்குள்ளும் அவர் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த வழி வானொலி நாடகம். அதற்கு ஈடான வழி இன்னும் அமையவில்லை.

நீண்ட பேச்சு அடியோடு செத்துவிடவில்லை. ஆஸ்ட்ரோவின் சியோக் செயலியில் பாட்காஸ்ட் வருகிறது. ஆர்டிஎம் கிளிக் வழியாக வானொலியைக் கைப்பேசியிலேயே கேட்கலாம். பாட்காஸ்ட் கேட்பவர் தானே தேர்ந்தெடுத்து, தொடக்கத்திலிருந்து கேட்கிறார். அதாவது, அந்தப் பழைய வீட்டு நேயர் காதில் ஹெட்போனோடு திரும்பி வந்திருக்கிறார்! ஆனால் தேடிப் போகிறவருக்குத்தான் அது கிடைக்கும். ரேடியோ ஆறு தேடாதவர் காதிலும் விழுந்தது.

படிவம் 4, 5 ஆசிரியர்கள் இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். காலை நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் பேசும் ஐந்து நிமிடத்தை மாணவர்கள் கேட்டு அப்படியே எழுதட்டும். பிறகு ஒரு தமிழ் பாட்காஸ்ட்டிலிருந்து ஐந்து நிமிடம். இரண்டிலும் மிக நீளமான வாக்கியத்தைக் கண்டுபிடித்து, அதில் உள்ள இடைச்சொற்களுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொற்களை எண்ணும் வேலையை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.